ஏழாம் கைமரம்

பெக்கான் தெம்பினிஸில் பழைய ஆட்களுக்கு
அது பால் பாலம்.
பொதுப்பணித் துறைக் கோப்பில்
வெறும் எண்.
இடிப்பதா விடுவதா,
அளந்து சொல்லுங்கள் என்று
என்னையும் ரோஸ்லியையும் அனுப்பினார்கள்.
ஓர் ஏணி, ஓர் அளவுநாடா,
கறையான் இருக்கிறதா என்று குத்திப் பார்க்க
ஒரு ஸ்க்ரூடிரைவர்.

நீளம் தொண்ணூற்றிரண்டு அடி.
கல்தூண் இரண்டு. மற்றதெல்லாம் செங்கால்.
மலாயில் வேறு மாதிரி ஒலிக்கும் மரம்,
நம் வாய்க்குள் வந்து கால் முளைத்துக்கொண்டது.
ஓர் இரும்பாணி கிடையாது.
கழுந்து, துளை, ஆப்பு, அவ்வளவுதான்.
ஸ்க்ரூடிரைவரின் நுனி வளைந்ததே தவிர
மரம் வழிவிடவில்லை.

பாலத்துக்குக் கூரை எதற்கு?
கிராணியின் பேரேட்டில் இருக்கிறது:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று, மே மாதம்,
திறந்த பாலத்தின் நடுவில் மழை பிடித்து
காண்டா வாளிகளில் தண்ணீர் விழுந்து
முப்பத்தொரு வாளிப் பால் வீண்.
துரை லண்டனுக்கு எழுதினார்.
லண்டன் கூரைக்குச் சம்மதித்தது.
கூரைக்கடியில் ஆட்கள் ஒதுங்கி நின்றால்
தலைக்குப் பத்துக் காசு அபராதம்
என்பது அடுத்த பக்கம்.

தச்சர் லியோங் செக் ஹோய்.
மரம் அறுத்தவர்கள் நம்மாட்கள் நால்வர்:
அங்கமுத்து, வீரபுத்திரன், சடையன், சன்னாசி.
தூண்களில் லியோங்கின் எண்கள்,
நாலு என்றால் ஒரு பெருக்கல் குறி.
கூரையின் கைமரங்களில் சன்னாசி உளியால் கொத்திய
௧, ௨, ௩.
ஒவ்வோர் எண்ணும் இருமுறை,
கைமரத்தின் கழுந்தில் ஒன்று
முகட்டு விட்டத்தின் துளையருகே ஒன்று.
யாருக்கு யார் என்று
மரமே மரத்துக்குச் சொல்லிவிடும்.

ஏணிமேல் ரோஸ்லி,
கீழே எழுதிக்கொண்டு நான்.
"கழுத்து நீண்ட வாத்து" என்பான், இரண்டு.
சிரிக்க எனக்குத் தகுதியில்லை,
நானும் கைப்பேசியில் தேடித்தான்
நம் எண்களைப் படித்தேன்.

ஏழில் நின்றுவிட்டான்.
"இது கண்ணாடிக்குள்ளே இருக்கு."

விட்டத்தில் ௭ ஒழுங்காக இருந்தது.
கைமரத்தில் அதுவே
இடம் வலம் மாறி.
வேறு உளி. வேறு கை. வெட்டு ரொம்ப ஆழம்.

பேரேடு, நவம்பர் பதினான்கு:
ஆற்றில் வெள்ளம். கைமரம் ஒன்று போயிற்று.
இரண்டு வெள்ளி நாற்பது காசு,
தச்சர் கணக்கில் கழிக்க.
அதே நாள் செக்ரோலில்
சன்னாசி பெயர்மேல் சிவப்புக் கோடு.
காரணம் எழுதும் இடத்தில்
தாளின் மஞ்சள் மட்டும்.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ
லியோங் புது மரம் இழைத்திருக்கிறார்.
தன் எண்ணைப் போட்டிருக்கலாம்,
அவர் கணக்கிலும் ஏழு உண்டு.
போடவில்லை.
விட்டத்தில் முன்பே இருந்த குறியை
ஏணியில் நின்று அண்ணாந்து பார்த்து
மனதில் வாங்கிக்கொண்டு இறங்கி
தரையில் கிடந்த மரத்தில் கொத்தியிருக்கிறார்.
இறங்குகிற வழியில் எங்கோ
அது திரும்பிக்கொண்டது.

இது என் ஊகம்.
ஊகத்துக்குப் படிவத்தில் கட்டமில்லை.

மூன்று மணிக்கு மழை.
செம்பனை லாரிகள் அந்தப் பக்கம்
சிமெண்டுப் பாலத்தில் உறுமிப் போயின.
நேபாளிப் பையன்கள் ஆறு பேர்
மோட்டார் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு
கூரைக்கடியில் ஓடிவந்து நின்றார்கள்.
"தலைக்குப் பத்துக் காசு" என்று
ரோஸ்லி கையை நீட்டினான்.
என்ன கேட்கிறான் என்று விளங்காமல்
ஒருவன் அந்தக் கையில்
சூடாக ஒரு வாழைக்காய்ப் பஜ்ஜி வைத்தான்.

குறைபாடுகள் என்ற கட்டத்தில் எழுதினேன்:
கைமரம் ஏழு. குறி திரும்பியிருக்கிறது.
பளு தாங்குகிறது.
மாற்ற வேண்டாம்.